பழைய ஜீப் கற்பித்த பாடம்



ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டு எங்கள் ஊர். ஆரணிப் பட்டு என்னும் பெயரோடு கடைவீதியில் விலையாகும் புடைவைகளில் ஒரு பகுதி எங்கள் வட்டாரத்துத் தறிகளில் நெய்யப்படுவதே. நானும் நெசவாளன்தான். என் தந்தையார் அமரும் தறிக்கு அடுத்த தறி என்னுடையது. மோட்டார்த் தொழிலை நான் எந்தப் பள்ளியிலும் கற்றவன் அல்லன். ஆயினும் எங்கள் வீட்டின் பின்புறத்தில், விறகும் பழைய தறிச் சட்டங்களும் கிடந்த ஓட்டுக் கொட்டகையில், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு உழைத்து, ஓடாமல் கிடந்த ஒரு ஜீப்பை மீண்டும் ஓடச் செய்தேன். அவ்வேலையைச் செய்யும் முறை யாது, அதனால் என்ன கற்றேன் என்பவற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் செய்த ஒரு பெரும்பிழையையும் மறைக்காமல் சொல்வேன். ஏனெனில், நான் கற்றவற்றுள் தலையாயது அப்பிழையிலிருந்தே கிடைத்தது.

வண்டி கிடைத்த வகையை முதலில் கூறுகிறேன். பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயியின் கிணற்றடியில், புளியமரத்தின் கீழ், அது பல ஆண்டுகளாக நின்றிருந்தது. சக்கரங்கள் பாதியளவு மண்ணில் புதைந்திருந்தன. இருக்கைகளின் மேல் ஆடுகள் படுத்திருந்தன. ஒரு காலத்தில் வேர்க்கடலை மூட்டைகளைச் சுமந்த வண்டி அது. அதன் பதிவுப் புத்தகத்தை மட்டும் அவர் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். பழைய வண்டி வாங்க நினைப்பவர் என்ஜினைப் பார்ப்பதற்கு முன் இந்தப் புத்தகத்தையே பார்க்க வேண்டும். அதிலுள்ள எண்ணும், சேஸிஸ் சட்டத்தில் பொறித்துள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அவை வேறுபட்டால், எவ்வளவு உழைத்தாலும் அந்த வண்டி முறைப்படி தெருவுக்கு வர இயலாது.

ஜீப் என்னும் ஊர்தி தோன்றிய வரலாறு சுவையானது. இரண்டாம் உலகப்போர் மூண்டிருந்த 1940ஆம் ஆண்டில், பாதையில்லாத நிலத்திலும் செல்லக்கூடிய சிறிய ஊர்தி ஒன்று வேண்டுமென அமெரிக்கப் படையினர் தொழிற்சாலைகளைக் கேட்டனர். முதல் மாதிரியைச் செய்து முடிக்க அவர்கள் அளித்த காலம் 49 நாட்களே. பான்டம் என்ற சிறிய நிறுவனம் கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளரின் வரைபடத்தைக் கொண்டு, அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் நாள், குறித்த கெடுவுக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய நிறுவனங்களும் தத்தம் மாதிரிகளோடு வந்தன. வில்லிஸ் வண்டியில் 60 குதிரைத்திறன் கொண்ட என்ஜின் இருந்தது. அந்த வலிமையே வெற்றி பெற்றது. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன.

நம் நாட்டில் 1945இல் தொடங்கப்பெற்று, 1948இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா எனப் பெயர் மாறிய நிறுவனம், வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் கூட்டிப் பொருத்தத் தொடங்கி, படிப்படியாக அதன் உறுப்புகளை இங்கேயே செய்யலாயிற்று. 1952இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தோன்றியபின், வட்டார அலுவலர்களின் ஜீப் தார்ச்சாலை காணாத சிற்றூர்களுக்கும் சென்றது. 'ஜீப் வந்தது' என்றால் 'அதிகாரி வந்தார்' என்று பொருள் கொண்ட காலம் அது. நான் வாங்கியது சி.ஜே. 3பி என்னும் வகை. முன்பக்கத்து மூடி மற்ற ஜீப்புகளைவிட உயர்ந்து நிற்பதைக் கொண்டு இதனை எளிதில் அடையாளம் காணலாம்.

அந்த உயரம் அழகுக்காக ஏற்பட்டதன்று. பழைய என்ஜினில், பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே வரும் வால்வும், எரிந்த புகை வெளியேறும் வால்வும் சிலிண்டரின் பக்கவாட்டில் அடுத்தடுத்து இருந்தன. புதிய என்ஜினில் உள்வரும் வால்வைப் பெரிதாக்கிச் சிலிண்டரின் தலைக்கு மேல் அமைத்தனர். சிலிண்டரின் கொள்ளளவு மாறவில்லை, இரண்டிலும் 2.2 லிட்டர்தான். ஆயினும் மூச்சுவிடும் வழி சீரானவுடன் 60ஆக இருந்த குதிரைத்திறன் 70ஐத் தாண்டியது. என்ஜின் உயர்ந்தது, அதை மூடும் தகடும் உயர்ந்தது. ஒரு பொருளின் வடிவத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

சாதாரணக் கார் சேற்றில் சிக்கிக்கொள்ள, ஜீப் மட்டும் கடந்து செல்வது எவ்வாறு? இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, நான்கு சக்கரங்களுக்கும் என்ஜினின் விசை செல்கிறது. கியர் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் இன்னொரு பெட்டி இருக்கிறது. வாய்க்காலில் வரும் நீரை மடை பிரித்துவிடுவதுபோல, வரும் விசையை அது முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்தளிக்கிறது. இரண்டாவது, அதே பெட்டியில் வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைப் பெருக்கும் தாழ்ந்த கியர் ஒன்று உண்டு. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். முதல் கியர் விசையை ஏறத்தாழ 2.8 மடங்காக்குகிறது. தாழ்ந்த கியர் அதனை 2.4 மடங்காக்குகிறது. சக்கரங்களுக்கிடையே உள்ள பற்சக்கரங்கள் மேலும் 5.4 மடங்காக்குகின்றன. மூன்றையும் பெருக்கினால் 36 மடங்கு வருகிறது. உராய்வினால் சிறிது கழிந்தாலும், சிறிய என்ஜின் ஒன்று பாறை மேட்டில் ஏறும் மறைபொருள் இதுவே. ஆனால் வேகமும் அதே அளவுக்குக் குறையும்; இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இணைப்பைப் பூட்டி இவ்வகை ஜீப்பை ஓட்டலாகாது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் கடக்கும் தூரம் அதிகம். பின்சக்கரங்கள் கடக்கும் தூரம் குறைவு. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையிலோ அதற்கு வழியில்லாமையால் பற்சக்கரங்கள் இறுகித் தேய்வுறும்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைப் பிரிப்பது எளிது. பிரித்ததைச் சேர்ப்பதே அரிது. ஒரு பாவு தீர்ந்ததும், தறியில் எஞ்சியிருக்கும் பழைய இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்போம். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று இடம் மாறினாலும் துணியில் அது தெரிந்துவிடும். ஆதலால் வரிசை கலையாமல் காப்பதே நெசவாளனின் முதற்கவலை. அந்தப் பழக்கத்தையே கொட்டகையிலும் கைக்கொண்டேன். கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் உறுப்பையும் படம் பிடித்தேன். கழற்றிய போல்டுகளைத் தனித்தனித் துணிப்பைகளில் இட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதிக் கட்டினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் குறிப்பு எழுதினேன். ஓராண்டுக்குப்பின் சேர்க்கும்போது என் நினைவு பலமுறை தவறியது; அந்த நோட்டுப் புத்தகம் ஒருமுறையும் தவறவில்லை.

துருவேறிய போல்டுகள் என் பொறுமையைச் சோதித்தன. இரும்பும் நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து துரு உண்டாகிறது என்பதை நீங்கள் வகுப்பில் படித்திருப்பீர்கள். துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் போல்டும் நட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. வலிந்து திருகினால் போல்டின் தலை முறிந்துவிடும். முதல் வாரத்திலேயே மூன்று தலைகளை முறித்தேன். அப்பொழுது, ஆரணியில் பட்டறை வைத்திருக்கும் முதிய மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்துச் சிரித்தார். "தம்பி, ஸ்பானரைப் பிடிக்கும் முன் எண்ணெயை விடு. எண்ணெயை விட்டபின் இரவு முழுவதும் வண்டியைத் தனியே விடு" என்றார். அதன்பின் முறிந்தவை மிகச் சில.

என்ஜின் முற்றிலும் இறுகியிருந்தது. பல ஆண்டு மழைநீர் உள்ளே இறங்கி, பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே மண்ணெண்ணெயும் என்ஜின் எண்ணெயும் கலந்து ஊற்றினேன். நாள்தோறும் முன்பக்கத்துக் கைப்பிடியை மெல்ல அசைத்துப் பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் அது ஒரு விரற்கடை அசைந்தது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. பின்னர் என்ஜினைப் பிரித்து, சிலிண்டர்களை லேத் பட்டறையில் கடைந்து, புதிய வளையங்களைப் பொருத்தினோம். கார்புரேட்டரைக் கழுவினோம். பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்டின் இடைவெளியை அரை மில்லிமீட்டராக அளந்து வைத்தோம். அது சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பொறி தவறான நேரத்தில் பாயும். நான்கு சிலிண்டர்களும் 1, 3, 4, 2 என்னும் வரிசையில் எரிய வேண்டும் என்பதை மேஸ்திரி சுண்ணக்கட்டியால் கொட்டகைச் சுவரில் எழுதி வைத்தார். ஆறாம் மாதத்தில் ஒரு நாள் மாலை என்ஜின் இருமியது, புகைந்தது, பின்பு சீராக ஓடத் தொடங்கியது.

நான் சொல்லவந்த பிழை இங்கேதான் நிகழ்ந்தது.

மறுநாட் காலையில் மேஸ்திரி வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பிரேக் அமைப்பை நான் இன்னும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. பழைய எண்ணெயின் மேலேயே புதிய பிரேக் எண்ணெயை ஊற்றியிருந்தேன். கொட்டகைக்குள் பெடலை மிதித்துப் பார்த்தபோது அது கெட்டியாகவே இருந்தது. கைப்பிரேக்கின் கம்பியையும் இணைக்கவில்லை. எங்கள் கொட்டகையின் வாயில் ஒரு சந்தில் திறக்கும். அச்சந்து சற்றே சரிந்து நெசவுத் தெருவில் முடியும். சந்தின் கோடிவரை போய்த் திரும்பிவிடலாம் என்று எண்ணி வண்டியை முதல் கியரில் எடுத்தேன்.

காலை வேளையில் எங்கள் தெரு எப்படியிருக்கும் என்பதை நீங்கள் அறியவேண்டும். பட்டுப் பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளைப் பிணைத்துக்கொண்டிருப்பார்கள். அன்று அண்டை வீட்டு அத்தை தம் வீட்டுப் பாவை விரித்திருந்தார். மூன்று புடைவைகளுக்கான பாவு அது. அவருடைய பேரப்பிள்ளைகள் இருவர் அதனருகே நின்றிருந்தனர். சந்தின் பாதியில் நான் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். ஒருமுறை வண்டி தளர்ந்தது. மறுமுறை மிதித்தபோது பெடல் எதிர்ப்பின்றித் தரைவரை இறங்கிவிட்டது. கிளட்சை மிதித்திருந்தமையால் என்ஜினின் பிடிப்பும் இல்லை. வண்டி சரிவில் தானே விரைந்தது. அத்தையின் குரலும் குழந்தைகளின் குரலும் என் காதில் விழுந்தன. என்ன செய்தேன் என்பதை அப்பொழுது நான் அறியவில்லை, பின்னரே நினைவுகூர்ந்தேன். கிளட்சிலிருந்து காலை எடுத்துச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்திருக்கிறேன். கியரில் பூட்டிய என்ஜின் சக்கரங்களைப் பிடித்து இழுக்க, வண்டி குலுங்கி நின்றது. பாவுக்கும் வண்டியின் முகப்புக்கும் இடையே ஓர் ஆள் படுக்கும் தூரமே எஞ்சியிருந்தது.

கூட்டம் கூடியது. அத்தை குழந்தைகளை அணைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். அவர் வைதிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும். தந்தையார் தறியை விட்டு எழுந்து வந்து, வண்டியையும் பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்பா, ஓட வைப்பதற்கு ஆறு மாதம் உழைத்தாய். நிறுத்துவதற்கு எத்தனை நாள் உழைத்தாய்?" என்று கேட்டார். எனக்கு விடை கூற வாயெழவில்லை. ஒரு நாள்கூட இல்லை என்பதே உண்மை.

அன்று தவறியது என்ன என்பதைச் சற்று விளக்குகிறேன். மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கண்டார். நாம் பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் என்னும் சிறு கலத்தில் அழுத்தம் உண்டாகிறது. அது குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, பிரேக் ஷூக்களை விரித்து, டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. என் ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் இருந்தது ஒரே குழாய்த் தொகுதி. ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். பிற்காலத்துக் கார்களில் இத்தொகுதியை இரண்டாகப் பிரித்து, ஒன்று கெட்டாலும் மற்றொன்று காக்கும்படி அமைத்ததற்குக் காரணம் இதுவே.

பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பு உண்டு. பல ஆண்டு உறிஞ்சிய ஈரத்தால் என் வண்டியின் சக்கரச் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்திருந்தன. அத்துருவின் கூர்மை, கிழடுதட்டிய ரப்பர்க் குப்பியைக் கீறிவிட்டது. முதல் மிதிக்குத் தாங்கிய ரப்பர் மறுமிதிக்குக் கிழிந்தது. நான் மேலே ஊற்றிய புதிய எண்ணெய் உள்ளிருந்த பழுதை மறைத்ததேயன்றித் தீர்க்கவில்லை.

அதன்பின் வேலையின் வரிசையையே மாற்றினேன். என்ஜினைத் தொடாமல் பிரேக்கைத் தொட்டேன். வண்டியைத் தூக்கியதும் ஜாக்கியை மட்டும் நம்பாமல், உறுதியான மரக்கட்டைகளைச் சட்டத்தின் கீழ் அண்டைக் கொடுத்தேன். பழைய பிரேக் ஷூக்களின் பூச்சில் கல்நார் கலந்திருப்பதுண்டு. அத்தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. ஆதலால் டிரம்மிலுள்ள தூசியைக் காற்றால் ஊதாமல், முகத்தை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம். மாஸ்டர் சிலிண்டர், சக்கரச் சிலிண்டர்கள், இரும்புக் குழாய்கள், ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் மாற்றினோம். கைப்பிரேக்கையும் இணைத்தோம்.

கடைசியாகக் குழாய்களிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்றோ சுருங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் நம் காலின் விசை அதைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். இவ்வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். அன்று மேஸ்திரி வரவில்லை. தந்தையார் தாமாகவே ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். "மிதியுங்கள், அப்பா" என்பேன், மிதிப்பார். "பிடியுங்கள்" என்பேன், அசையாமல் பிடிப்பார். ஐம்பது ஆண்டு தறியின் மிதியில் பழகிய கால் அது. நான்காம் சக்கரம் முடிந்ததும், "இப்பொழுது கெட்டியாக இருக்கிறது" என்றார். அதற்குப் பிறகே எனக்கு வண்டியின்மேல் நம்பிக்கை வந்தது.

எஞ்சியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். துருவால் ஓட்டை விழுந்த தரைத் தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். பெட்ரோல் டேங்கைக் கழுவி, ரப்பர்க் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் மாற்றினோம். 2025ஆம் ஆண்டுக்குள் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழங்கால ரப்பரைக் கெடுக்கும். ஆதலால் அதைத் தாங்கும் குழாய்களையே பொருத்த வேண்டும். எங்கெங்கு உயிரின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறதோ அங்கெல்லாம் புதிய உறுப்பு. மற்ற இடங்களில் இயன்றவரை பழைய உறுப்பு. இதுவே நான் கொண்ட நெறி. மூடியில் இருந்த நெளிவு ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன். அது அந்த விவசாயியின் வேர்க்கடலை மூட்டைகளின் நினைவு.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 50 ஆண்டுக்கு மேற்பட்ட, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளைத் தொன்மை ஊர்திகளாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் விதி வகுத்தது. அவ்வாறு பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கன்றி அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாகாது. நான் என் வண்டியைத் தகுதித் தேர்வுக்குக் காட்டி, வழக்கமான முறையிலேயே பதிவைப் புதுப்பித்துக்கொண்டேன்.

ஒன்றரை ஆண்டு நிறைந்தபின், தந்தையாரை அருகில் அமர்த்திக்கொண்டு, போளூர் வழியாக ஜவ்வாது மலைமேலுள்ள ஜமுனாமரத்தூருக்குச் சென்றேன். ஏறும்போது என்ஜினின் வலிமை தெரிந்தது. இறங்கும்போது தாழ்ந்த வேகத்துக் கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. பிரேக்கை அளவாகவே மிதித்தேன். கொண்டையூசி வளைவு ஒன்றில் எதிரே மாடுகள் வந்தன. மிதித்தேன், நின்றது. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. மாடுகள் கடந்து போகும்வரை காத்திருந்து, "சரி, போ" என்றார்.

வண்டி ஓடத் தொடங்கிய நாளன்று ஊரார் என்னைப் பாராட்டினர். அந்த மறுநாட் காலையை எண்ணும்போதெல்லாம் அப்பாராட்டுக்கு நான் தகுதியுடையவன் அல்லேன் என்று தோன்றுகிறது. நண்பர்களே, நீங்கள் நாளை இதனினும் பெரிய இயந்திரங்களைச் செய்வீர்கள்; இயக்குவீர்கள். அது எவ்வளவு விரைவாகச் செல்லும் என்று பலர் உங்களைக் கேட்பார்கள். எங்கே, எப்படி நிற்கும் என்று கேட்பவர் சிலரே இருப்பர். அந்தக் கேள்வியை நீங்களே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். என் கொட்டகைச் சுவரில் மேஸ்திரி எழுதிய 1, 3, 4, 2 இன்னும் அழியாமல் இருக்கிறது. அதற்கு மேலே 'முதலில் பிரேக்' என்று நான் எழுதி வைத்திருக்கிறேன்.